சுறா எண்ணெய் குடித்த டயர்

ஹபீபின் மோட்டார் சைக்கிளில் பின் டயர் மொட்டையாகி வெகு நாளாயிற்று. இரண்டு ஓரத்திலும் பட்டன் தேய்ந்து, உள்ளே இருக்கிற நூல் வெளியே வந்து, தொட்டுப் பார்த்தால் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தைத் தொட்ட மாதிரி இருந்தது. அதில்தான் அவன் தினமும் காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

யுத்த காலம். மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து ரப்பரெல்லாம் பட்டாளத்துக்கு என்று ஆகிவிட்டது. புது டயர் வேண்டுமென்றால் மனுக் கொடுத்துவிட்டு, கொடுத்ததையே மறந்துவிட வேண்டும். பஸ் இருந்தது, இல்லாமல் இல்லை. முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ். கொஞ்சம் மேடு வந்தால் ஏறினவர்களே இறங்கித் தள்ள வேண்டும். தள்ளின களைப்பில் ஆறுமுகநேரி உப்பளத்துப் பக்கம் உட்கார்ந்து டிரைவரோடு ஆளுக்கொரு பீடி குடித்துவிட்டுத்தான் திரும்ப ஏறுவார்கள். அதை நம்பி நேரத்துக்கு வேலைக்குப் போக முடியாது.

ஹபீப், சங்கரலிங்கம் அண்ணாச்சியின் கிளியரிங் ஆபீஸில் குமாஸ்தா. கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணி போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். அந்தச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கையெழுத்து வாங்கி வெளியே எடுத்து விடுவது அவன் சோலி. மோட்டார் சைக்கிள், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அண்ணாச்சி வாங்கி அவனுக்குக் கொடுத்தது. பெட்ரோல் கூப்பனும் ஆபீஸ் பெயரில் வந்தது. கொடுத்தபோதே அண்ணாச்சி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாரும் வே ஹபீபு. இனிமே பட்டாளத்து அரிசி வரப் போவுது. வெயில் ஏறுததுக்குள்ள நீரு தோணி வந்து அணையுத ஜெட்டியில நிக்கணும். வண்டி ஓடுத மட்டும் ஊர்லேருந்து வாரும். வண்டி நின்னு போச்சுன்னா ஆபீஸ் மாடியில கட்டில் கெடக்கு. யுத்தம் முடியுத வரைக்கும் அங்கன படுத்துக்கிடும்."

மாடிக் கட்டிலை ஹபீப் பார்த்திருக்கிறான். சுற்றிலும் சாக்கு, சாக்குக்குள் எலி, கட்டிலுக்குள் மூட்டைப்பூச்சி. அது ஒரு பக்கம். காயலில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். வந்தவனுடைய செருப்பு சாயங்காலம் வாசலில் கிடக்க வேண்டும். இரண்டு நாள் கிடக்கவில்லை என்றால், என்ன சண்டை என்று தெரு கேட்கும். ஹபீபின் மனைவி பல்கீஸ் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். யுத்தம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை எப்போது வரும் என்று தெரியும். டயர் அதுவரைக்கும் ஓடியாக வேண்டும். ஹபீபின் கவலை அவ்வளவுதான், ஆனால் அது பெரிய கவலை.

டயருக்கு அந்தக் கவலை இல்லை. ஏனென்றால் அது ஹபீபை மட்டும் சுமக்கவில்லை, தெருவையே சுமந்தது.

"பல்கீஸு, மாப்பிள்ளை கிளம்பிட்டாவளா?" அடுத்த வீட்டு அஸ்மா லாத்தா விடிந்ததும் வந்துவிடுவாள். கையில் ஒரு கூடை இருக்கும். "எங்க கொழுந்தன் வீட்டுக்கு முட்டை. பைய ஓட்டச் சொல்லு, போன தடவை ஒண்ணு உடைஞ்சு போச்சுன்னு அவன் பொண்டாட்டி சொல்லி அனுப்புதா."

"லாத்தா, ஏற்கெனவே ரெண்டு மூட்டை கெடக்கு."

"முட்டைக்கு என்ன கனம் இருக்கப் போவுது?"

முட்டைக்குக் கனமில்லை. முட்டைக்குக் கீழே இருந்த பாய்க்கட்டுக்குக் கனம். அதற்குக் கீழே மேலத்தெருக்காரர் அனுப்பிய அரிசிச் சிப்பம். பின்னால் உட்கார ஒரு ஆள் எப்போதும் இருந்தான். கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவன். இடம் இல்லையென்றால் சிப்பத்தின் மேல் உட்கார்ந்தான். மாப்பிள்ளை என்பதால் ஹபீபுக்கு மறுக்க வாயில்லை. பெண் எடுத்த ஊரில் முகத்தை முறிக்க முடியுமா?

கடைசியில் பெர்மிட் வந்தது. ஒரு பின் டயர். சங்கரலிங்கம் அண்ணாச்சியே நாலு இடத்தில் சலாம் போட்டு வாங்கிக் கொடுத்தார். காகிதம் சுற்றிய டயரை ஹபீப் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தபோது, புது மாப்பிள்ளை வந்த மாதிரி ஜன்னலுக்கு ஜன்னல் முகம் தெரிந்தது. பெண்கள் வந்து முகர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி நகத்தால் அழுத்திப் பார்த்தாள்.

"இதுக்கு எம்புட்டு ஹயாத்து, எத்தனை நாளு ஆயுசு?" என்று அஸ்மா லாத்தா கேட்டாள்.

"அது அல்லாஹ் கையில" என்றான் ஹபீப். உண்மையில் அது பாதி அஸ்மா லாத்தா கையில்தான் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

பழையது வெடிக்கும்வரை பழையதையே ஓட்டுவது, புதியது வீட்டில் தூங்கட்டும் என்று முடிவு செய்தான். பின்கட்டில் கிணற்றுப் பக்கம் ஒரு முளையில் டயர் தொங்கியது.

அந்தப் பின்கட்டில் ஏற்கெனவே ஒரு ஆள் சும்மா இருந்தார். பல்கீஸின் தாய்மாமா அபுல் ஹஸன். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணிக்குத் தண்டல். அதாவது கடலில் அவர் சொன்னதுதான் சட்டம். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தோணி ஓடாது. கரையில் இழுத்துப்போட்டு, இடுக்கெல்லாம் பஞ்சடைத்து, சுறா எண்ணெய் பூசுவார்கள். அந்த வருஷம் அந்த வேலையும் சீக்கிரம் முடிந்துவிட்டது. மிச்சம் கையில் இருந்தது முக்கால் டின் எண்ணெயும், ஒரு தேங்காய்நார் மட்டையும், நீளமான பகல்களும். கரையில் அவர் சொல்லைக் கேட்க ஆளில்லை. அவர் தங்கச்சி, பல்கீஸின் உம்மா ஹாஜரா பீவியே, "காக்கா, கொஞ்சம் நகந்து உக்காருங்கோ, பெருக்கணும்" என்பாள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஆத்தூரைத் தாண்டி வரும்போது பழைய டயர் போய்விட்டது. வெடிச்சத்தத்தில் வயலில் நின்ற கொக்கெல்லாம் எழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் எதுவும் பேசாமல் இறங்கி, தன் மூட்டையை எடுத்துக்கொண்டு, எதிரே வந்த மாட்டுவண்டியில் ஏறிப் போய்விட்டான். ஹபீப் வண்டியைத் தள்ளினான். காற்று எதிரே அடித்தது. வாயெல்லாம் உப்பும் மணலும். ஆனாலும் அவன் விசில் அடித்துக்கொண்டுதான் வந்தான். வீட்டில் புது டயர் இருக்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்காக அண்ணாச்சி லீவு கொடுப்பார். மாட்டிவிட்டால் முடிந்தது.

தெரு முனையிலேயே அந்த வாடை வந்தது. தோணி பூசுகிற வாடை. கடற்கரையிலிருந்து வருகிறது என்று நினைத்தான். வாசலுக்கு வந்தபோது அது வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

பின்கட்டில் டயர் மேற்கு வெயிலில் கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளத்தது. கீழே சொட்டுச் சொட்டாக எண்ணெய். இரண்டு பூனைகள் மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. அபுல் ஹஸன் கையில் மட்டையோடு, பெற்ற பிள்ளையைக் காட்டுகிற மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை! இங்கன பாருங்க. காலையில ஒரு பூச்சு. வெயில்ல காய விட்டு மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பொறவு ஒரு பூச்சு. குங்கிலியம் சேர்க்கல, இறுகிப் போவும்னு. வெறும் சுறா எண்ணெய்."

ஹபீப் டயரை ஒரு விரலால் தொட்டான், வழுக்கியது.

"புதுசை அப்பிடியே தொங்கவிட்டிருக்கிய. மரமாவட்டும் கயிறாவட்டும், உப்புக் காத்து படுத சாமான் எண்ணெய் கேக்கும் மாப்பிள்ளை. என் தோணிக்கு என்ன வயசு தெரியுமா? எங்க வாப்பா காலத்துத் தோணி. எண்ணெய்தான் காப்பாத்துது."

"மாமா" என்றான் ஹபீப். அதற்கு மேல் சொல்ல வேண்டியதைக் கடலில் சட்டமாக இருந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. துறைமுகத்தில் எண்ணெய் பீப்பாய் பக்கம் ரப்பர் குழாயை வைத்தாலே கஸ்டம்ஸ்காரன் கத்துவான். ஊறி, உப்பி, பிசுபிசுத்து, கையோடு பிய்ந்து வரும். "ரொம்பச் சந்தோசம் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தான்.

பல்கீஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். "நான் சொன்னேன். அவ்வோ கேக்கல. நீ சும்மா கெட, ஒனக்கு என்ன தெரியும்னுட்டாவ."

"மௌத்தாப் போச்சு, செத்துப் போச்சு பல்கீஸு. பழைய டயரும் மௌத்து, புது டயரும் மௌத்து. நான் இனி மாடிக் கட்டில்தான்."

ஹாஜரா பீவி மருமகனோடு நேராகப் பேசமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வது போலச் சொல்வாள். மகள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் மகளிடம்தான் சொல்வாள்.

"ஏளா பல்கீஸு, எண்ணெய் தேச்ச தலையை என்ன செய்வோம்?"

"முழுகுவோம்."

"மாப்பிள்ளை அவ்வோட்ட சொல்லு. காக்கா மஃரிபு தொழப் பள்ளிக்குப் போவட்டும்."

அபுல் ஹஸன் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் வீடு பாய்ந்தது. டயர் கிணற்றடிக்கு வந்தது. முதலில் அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தார்கள். பிறகு சீயக்காய். பிறகு துணி துவைக்கிற சவுக்காரம். ஹபீப் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீர் இறைத்தான். அஸ்மா லாத்தா சத்தம் கேட்டு வந்து, எதற்கு என்று கேட்காமலேயே ஒரு பிடி தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"காதுக்குப் பின்னால தேயுங்கோ லாத்தா" என்றாள் பல்கீஸ்.

"இந்தச் சவத்துக்குக் காது எங்கன இருக்கு?"

ஹாஜரா பீவிகூடச் சிரித்துவிட்டாள். கடைசியில் பழைய துணியால் துடைத்து, முளையில் திரும்ப மாட்டினார்கள். பளபளப்பு போய்விட்டது. வாடை போகவில்லை. முழுகிய வாடையும் சேர்ந்து அது புது மாதிரி நாறியது.

பள்ளியிலிருந்து வந்த அபுல் ஹஸன் அரிக்கன் விளக்கைத் தூக்கிப் பார்த்தார். ஹபீப் நனைந்த சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"அல்ஹம்துலில்லாஹ்! பாத்தியளா? ஒரு சொட்டு மிச்சமில்லாம குடிச்சிருக்கு. எம்புட்டுத் தாகம்! நாளைக்கு இன்னொரு பூச்சு கொடுத்திர வேண்டியதுதான்."

அன்றைக்கே ஹாஜரா பீவி எண்ணெய் டின்னைக் குதிருக்குள் ஒளித்து வைத்தாள்.

மறுநாள் காலையில் ஹபீப் புது டயரைத் தோளில் மாட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆறுமுகநேரிக்குப் போனான். அங்கே எபனேசர் என்ற நாசரேத்துக்காரர் பட்டறை வைத்திருந்தார். சைக்கிள், பம்பு, தையல் மெஷின், கோயில் மணி, எது வந்தாலும் பார்ப்பார். வேலை சுமார்தான், பேச்சு பிரமாதம். டயரை வாங்கினதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன பாய் இது, டயரா, திருக்கைக் கருவாடா?"

ஹபீப் நடந்ததைச் சொன்னான். எபனேசர் சிரித்த சிரிப்பில் பட்டறைக் கூரையிலிருந்த புறா பறந்தது. பிறகு டயரை அழுத்தி, வளைத்து, ஓரத்தைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தார்.

"உங்க வீட்டுப் பொம்பளையளுக்கு ஸ்தோத்திரம் சொல்லும். ராத்திரி முழுக்க விட்டிருந்தா ஊறியிருக்கும். மேல்தோல்தான் கொஞ்சம் பிசுபிசுங்குது. சாக்பீஸ் பொடி போட்டு நெழல்ல காய வைப்போம். வாடைக்கு நான் பொறுப்பில்ல."

"ஓடுமா?"

"ஓடும். எம்புட்டு நாளுன்னு இதைக் கேக்காதீரும். செத்தவனைக் கேப்போம்" என்று வெடித்த பழைய டயரை மடியில் போட்டுக்கொண்டார். "ரெண்டு ஓரமும் தேஞ்சிருக்கு, நடுவுல தேயல. அப்பம் காத்துக் கொறவு. யாரு காத்தை எறக்குனா?"

ஹபீப் தரையைப் பார்த்தான். "முட்டை உடையுதுன்னு நாந்தான் கொஞ்சம் எறக்கி விட்டேன்."

"முட்டை பொழைச்சிச்சு, டயர் செத்துச்சு. காத்துக் கொறைஞ்சா பக்கமெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு சூடாவும். அதுக்கு மேல பாரம். எத்தனை பேரு ஏறுவிய?"

"ஆளு ஒண்ணுதான். சாமான் உண்டு."

"சாமான்னா?"

ஹபீப் சொல்லச் சொல்ல எபனேசர் விரல் மடக்கினார். ஒரு கை விரல் தீர்ந்ததும் மடக்குவதை நிறுத்திவிட்டார். "இது மோட்டார் சைக்கிளா, சரக்குத் தோணியா? சரி, இது என்ன? அங்கங்க இழுபட்டுத் தேஞ்சு பள்ளமாயிருக்கு. தெனமும் எங்கயோ படக்குன்னு பிரேக் அடிக்கீரு."

ஹபீபின் காது சிவந்தது. "வீட்டு வாசல்ல."

"வாசல்ல என்ன, பள்ளமா?"

"அவளுக்குத் தெரியணும்லா, வந்துட்டேன்னு. கிரீச்சுன்னு ஒரு சத்தம் விடுவேன்."

எபனேசர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, "கல்யாணமாகி எம்புட்டு நாளாச்சு?" என்றார்.

"ஒண்ணரை வருசம்."

"சரி, அது தானா நிக்கும். இப்பம் நான் சொல்லுததைக் கேளும். காத்துக் கொறையக் கூடாது. உச்சி வெயில்ல ஓட்டக் கூடாது, ரோடு அடுப்பா கெடக்கும், ரப்பர் எளகிரும். உப்பு வண்டி போற தடத்துல போவாதீரும், மாட்டு லாட ஆணி கெடக்கும். படக்குன்னு நிக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, உம்மைத் தவிர ஒரு ஈ ஏறக் கூடாது."

முதல் நாலையும் ஹபீபால் செய்ய முடியும். ஐந்தாவது முடியாது. அஸ்மா லாத்தாவிடம் யார் சொல்வது? மேலத்தெருக்காரரிடம் யார் சொல்வது? பெண் எடுத்த ஊரில் மாப்பிள்ளை எப்படி மாட்டேன் என்பான்? வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தான்.

யோசித்திருக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலையில் அஸ்மா லாத்தா கூடையோடு வந்தாள். வண்டிக்கு இரண்டடி முன்னால் நின்றாள். முந்தானையை மூக்கில் வைத்தாள். தேய்த்துக் கழுவினபோது இருந்த நாற்றம், ஆறுமுகநேரியிலிருந்து ஓடிச் சூடேறினதும் பத்து மடங்காகியிருந்தது.

"நான் பொறவு கொடுத்து விடுதேன். கொழுந்தனுக்கு முட்டை ஒத்துக்கிட மாட்டேங்குதாம்" என்று திரும்பிவிட்டாள்.

கோர்ட்டுக்குப் போகிறவன் முக்காணி வரை வந்தான். அங்கே இறங்கி, கரி பஸ்ஸுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னான். நாலு நாளில் தெருவில் ஒருத்தரும் சாமான் கொடுக்கவில்லை. கல்யாணச் சேலை அனுப்ப இருந்தவர்கள், மாப்பிள்ளைக்கு எதற்குச் சிரமம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பூனைகள் மட்டும் விசுவாசமாக இருந்தன. வண்டி நின்ற இடத்தில் படுத்து, டயரில் முகத்தைத் தேய்த்துக்கொண்டன. ஆத்தூரில் நாய்கள் விடிந்த பிறகு வாடை பிடித்துக் கூட்டமாக வந்தன. அவை எழுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று ஹபீப் இருட்டோடு சுபுஹு தொழுததும் கிளம்பிவிடுவான். ரோடு குளிர்ந்து கிடக்கும். திரும்பும்போதும் நாய் அசந்து கிடக்கிற நேரம் பார்த்து, வெயில் தாழ்ந்து வருவான்.

வாசலில் சத்தமில்லாமல் வந்து நின்றால், பல்கீஸ் அதற்குள் கதவைத் திறந்திருப்பாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"முக்குத் திரும்பும்போதே வந்துட்டியளே" என்று மூக்கைத் தொட்டுக் காட்டுவாள்.

கச்சான் ஓய்ந்தது. அபுல் ஹஸன் தோணியை இறக்கிக் கொழும்புக்குப் போனார், வந்தார், போனார். மழை வந்தது, விட்டது. பல்கீஸுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிறந்த அன்றைக்கு ஹபீபின் செருப்பு வாசலில் கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லி, ஹாஜரா பீவி கதவுக்குப் பின்னாலிருந்து யாருமில்லாத அறையில் மகளிடம் சொன்னாள். டயரில் பட்டன் அப்படியே இருந்தது. துறைமுகத்தில் மற்ற வண்டிகளெல்லாம் டயர் இல்லாமல் ஒவ்வொன்றாகச் செங்கல் மேல் ஏறி நின்றன.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. சங்கரலிங்கம் அண்ணாச்சி இறங்கினார். பின் சீட்டில் காகிதம் சுற்றிய இரண்டு புது டயர்.

"எங்க வே தண்டலு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "ஜெட்டி பூரா அவரு பேச்சுதான். சுறா எண்ணெய் பூசினா டயருக்குச் சாவே இல்லைங்காரு. நானும் நம்பல. நேத்து ஒம்ம வண்டியைக் குனிஞ்சு பாத்தேன். புதுப் பொண்ணு கணக்கா இருக்கு. ரெண்டு டயருக்கும் ரெண்டு பூச்சு போட்டுக் கொடுக்கச் சொல்லும். இது போச்சுன்னா இனிப் பெர்மிட் கெடையாது."

அபுல் ஹஸன் அதற்குள் சட்டைக் கையை மடக்கியிருந்தார். "ஹாஜரா, டின் எங்க?" என்று குரல் கொடுத்தார். உள்ளே குதிர் மூடி திறக்கிற சத்தம் கேட்கவில்லை. ஹாஜரா பீவியும் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று அர்த்தம். அண்ணாச்சியின் டயர் கெட்டால் இந்த வீட்டில் வேலை போகும், வண்டி போகும். சொன்னால் மாமா முகம் போகும்.

"அண்ணாச்சி, பூசக் கூடாது" என்றான் ஹபீப். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது.

"ஏன் வே?"

"எண்ணெய் ரப்பரைத் தின்னுரும். அன்னைக்கே நாங்க கழுவிட்டோம்." அபுல் ஹஸன் பக்கம் திரும்பினான். "மன்னிச்சிக்கிடுங்க மாமா. நீங்க பள்ளிக்குப் போன நேரம் பாத்துச் சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தேச்சுக் கழுவினோம். டயரைக் காப்பாத்துனது எண்ணெய் இல்ல. நாத்தம். நாத்தத்துல ஒருத்தரும் ஏறல, சாமான் கொடுக்கல. நாய்க்குப் பயந்து குளிர்ந்த நேரமாப் பாத்துப் போனேன். பாரமும் சூடும் இல்லாமப் போச்சு, டயர் தேயல. அவ்வளவுதான்."

தொட்டிலில் பிள்ளை ஒரு தடவை சிணுங்கியது. அபுல் ஹஸன் கையிலிருந்த நார்மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் முதலில் கறுத்தது. பிறகு கண்ணைச் சுருக்கினார். தூரத்தில் ஒரு பாய்மரத்தைப் பார்த்து, எந்தத் தோணி என்று யோசிக்கிற மாதிரி.

"கழுவினிய. சரி. நாத்தம் போச்சா?"

"இல்ல."

"நாத்தத்துனாலதான் ஒருத்தனும் ஏறல."

"ஆமா மாமா."

"அந்த நாத்தம் எங்கேருந்து வந்துச்சு? அஸ்மா முட்டையிலேருந்தா வந்துச்சு?"

ஹபீப் வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"என் எண்ணெயிலேருந்துதானே வந்துச்சு!" அபுல் ஹஸன் நெஞ்சை நிமிர்த்தினார். "அப்பம் டயரைக் காப்பாத்துனது யாரு?"

கதவுக்குப் பின்னால் ஹாஜரா பீவி இருமினாள். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் தன் காரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஓட்டப்பிடாரத்தில் மச்சினன்மார் நிறைய. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, எதுவானாலும் குடும்பம் குடும்பமாக அந்தக் காரில்தான் ஏறுவார்கள். மடியில் பிள்ளை, காலடியில் பலகாரச் சட்டி, மேலே பாய்க்கட்டு. அவருக்கும் மறுக்க வாயில்லை. பெண் எடுத்த ஊர்.

"வே தண்டலு" என்றார் மெதுவாக. "டயர்ல வேண்டாம். பின் சீட்டுல பூசினா, சீட்டுத் தோலுக்குக் கெடுதல் உண்டா?"

"தோலுக்கா?" அபுல் ஹஸனின் முகம் விளக்கு ஏற்றின மாதிரி ஆயிற்று. "தோல் எண்ணெய் கேட்டு அழுவும் அண்ணாச்சி!"

உள்ளே குதிர் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பூனைகள் இரண்டும் எழுந்து காரைப் பார்த்து நடந்தன.